மூன்று மொழியில் எழுதியிருக்கிறது, பெயர் மட்டும் இல்லை: வான் ஐக்கின் 1432 உருவப்படம்

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் இந்த ஓக் பலகையின் உயரம் 33.3 செ.மீ., அகலம் 18.9 செ.மீ. பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேலைச் செங்குத்தாகப் பக்கத்தில் நிறுத்தினால் படம் இரண்டு விரல் உயரம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். இந்தச் சின்னப் பலகைக்குள் பிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் எண்ணெய் வண்ணத்தில் ஒரு மனிதரையும் ஒரு கல்லையும் வரைந்திருக்கிறார். மனிதர் யார் என்ற கேள்விதான் இந்த ஆய்வு. ஆனால் எல்லாத் தகராறும் கல்லில்தான் தொடங்குகிறது.

முதலில் மனிதர். முப்பதை ஒட்டிய வயது. தலையில் பச்சைத் துணியைச் சுற்றிக் கட்டிய தலையணி, அதன் வால் ஒரு பக்கத் தோளில் தொங்குகிறது. உரோமக் கழுத்துப்பட்டி வைத்த அடர்சிவப்பு மேலங்கி. குட்டை மூக்கு, தடித்த உதடு. நம்மைப் பார்க்கவில்லை, பக்கவாட்டில் எங்கோ பார்க்கிறார். வலது கையில் சுருட்டிய ஒரு தாள். நகையோ மோதிரமோ குலச்சின்னமோ எதுவும் இல்லை.

அப்புறம் கல். மனிதருக்கு முன்னால், படத்தின் அடிப்பகுதி முழுக்க ஒரு கல் திண்டு. ஜன்னலுக்கு வெளியே நாம் நிற்பதுபோலவும், அவர் உள்ளே நின்று திண்டின் மேல் கையை வைத்திருப்பதுபோலவும் இருக்கிறது. கேலரியின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கல்லில் உள்ள சேதம் தெரியும்: விளிம்பில் உடைந்த சில்லுகள், குறுக்கே ஓடும் விரிசல், காலப்போக்கில் படிந்ததுபோன்ற கறை. இதில் எதுவும் பலகைக்கு நேர்ந்த சேதம் இல்லை, அத்தனையும் ஓவியர் உட்கார்ந்து வரைந்தது. ஈரம் காயாத புதுப் படத்தில் பழங்காலத்துக் கல்லை வைத்திருக்கிறார்.

அந்தக் கல்லில் மூன்று வரி. மேலே கிரேக்க எழுத்தில் ஒரே ஒரு சொல், ‘திமோதியோஸ்’ என்று படிக்கலாம். நடுவில் பெரிய எழுத்தில், உளியால் செதுக்கியதுபோல, பிரெஞ்சில் ‘லெயால் சுவனீர்’. உண்மை மாறாத நினைவு என்று சொல்லலாம், விசுவாசமான நினைவு என்றும் சொல்லலாம். கீழே சிறிய எழுத்தில் லத்தீனில் ஓவியரின் கையொப்பம்: ஆண்டவரின் 1432ஆம் ஆண்டு, அக்டோபர் 10ஆம் நாள், யான் வான் ஐக்கால் செய்யப்பட்டது.

வரைந்தவர் பெயர் இருக்கிறது, நாள் மாதம் ஆண்டு தவறாமல் இருக்கிறது, எதற்காக வரைந்தது என்பதுகூட இருக்கிறது. யாருடைய நினைவு என்பது மட்டும் இல்லை. அல்லது இருக்கிறது, நமக்குப் படிக்கத் தெரியவில்லை. இந்த ‘அல்லது’க்குள்தான் ஆய்வாளர்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள்.

1432 வான் ஐக்குக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 1425 முதலே அவர் பர்கண்டி கோமகன் மூன்றாம் பிலிப்பின் அரசவை ஓவியர். கோமகனுக்குப் பெண் பார்க்கும் தூதுக்குழுவோடு 1428இல் போர்ச்சுகல் போய், இளவரசி இசபெல்லாவை நேரில் வரைந்து அனுப்பியவர். 1432 மே 6 என்ற தேதி தாங்கிய கெண்ட் நகரப் பேராலயப் பலிபீட ஓவியம் அவரும் அண்ணன் ஹூபர்ட்டும் செய்தது. அதிலிருந்து ஐந்து மாதத்தில் இந்தச் சின்னப் படம். அவர் கையில் தேதியோடு மிஞ்சியிருக்கும் தனிமனித உருவப்படங்களில் இதுதான் முதலாவது. அந்த நேரத்தில் அவரிடம் படம் வரைந்துகொள்ள யாரால் முடியும்? அரசவைக்காரர்கள், புரூஜ் நகரத்து வணிகர்கள், பொற்கொல்லர்கள், கோமகனிடம் வேலை பார்த்த எழுத்தர்கள், வழக்கறிஞர்கள். பட்டியல் நீளம்.

திமோதியோஸ் என்றால் யார்?

நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் தீமோத்தேயு சாதாரணப் பெயர். பவுல் கடிதம் எழுதினாரே, அந்த இளைஞர். அதனால் தமிழ் வாசகருக்கு முதலில் தோன்றுவது, ‘பெயர்தான் எழுதியிருக்கிறதே, அப்புறம் என்ன தேடல்?’ என்பதுதான். சிக்கல் என்னவென்றால், பதினைந்தாம் நூற்றாண்டு நெதர்லாந்துப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைக்கும் வழக்கம் இல்லை. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் பைபிளிலிருந்து இப்படிப்பட்ட பெயர்களை எடுத்து வைப்பது அங்கே பரவியது. ஆகவே இது அம்மா அப்பா வைத்த பெயராக இருக்க வாய்ப்பு குறைவு. பாராட்டாக வைத்த பட்டப்பெயராக இருக்கலாம், பழைய கிரேக்கர் ஒருவரோடு ஒப்பிட்டுச் சொன்னதாக இருக்கலாம்.

1949இல் எர்வின் பனோஃப்ஸ்கி இந்த இழையைப் பிடித்தார். கலை வரலாற்றில் அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளும் காலம் அது. பழைய கிரேக்கத்தில் திமோதியோஸ் என்ற பெயரில் புகழ்பெற்றவர்களை எடுத்து, ஒவ்வொருவராகத் தள்ளிக்கொண்டே வந்து, மிலேட்டஸ் நகரத்து இசைக்கலைஞர் திமோதியோஸிடம் நின்றார். பழைய இசை மரபை உடைத்துப் புதுப் பாணி கொண்டுவந்தவர் அவர். சரி, 1432இல் பர்கண்டி அரசவையில் ‘புதிய திமோதியோஸ்’ என்று யாரைச் சொல்லியிருப்பார்கள்? அரசவையின் வழிபாட்டு இசைக்குழுவில் இருந்த பாடலாசிரியர் ழில் பான்ஷுவாவைத்தான் என்றார் பனோஃப்ஸ்கி. பான்ஷுவா அன்றைக்குப் பெரிய பெயர். அக்காலத்தின் இன்னொரு பெரிய பாடலாசிரியர் கியோம் துஃபேயோடு சேர்த்துச் சொல்லப்பட்டவர். 1451இல் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில் துஃபே கைஆர்கன் பக்கத்திலும் பான்ஷுவா யாழைத் தாங்கிக்கொண்டும் நிற்கிறார்கள். அந்தச் சிற்றுருவத்தை வைத்து முகம் ஒப்பிட முடியாது, உடையும் வாத்தியமும்தான் அடையாளம்.

இந்த வாதம் அழகாக இருக்கிறது. அழகுதான் அதன் ஆபத்தும். ஒரே ஒரு சொல்லில் தொடங்கி, ஒரு பழங்கால இசைக்கலைஞர் வழியாகப் போய், ஒரு நிஜ மனிதரிடம் முடிகிறது. நடுவில் உள்ள ஒரு கண்ணி நழுவினாலும் மொத்தமும் போச்சு. பாடலாசிரியர் என்பதற்குப் படத்தில் ஒரு வாத்தியம்கூட இல்லை. கையில் உள்ள தாள் இசைக்குறிப்பு என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் அதில் தெரிவது எழுத்து வரிகள்.

1978இல் கலை வரலாற்றாளர் வெண்டி வுட் அதே வழியில் வேறு வாசலுக்குப் போனார். ஹாலிகார்னஸ்ஸஸ் நகரத்தில் மன்னர் மௌசோலஸுக்குக் கட்டிய மாபெரும் கல்லறையில் வேலை செய்த சிற்பிகளில் ஒருவர் பெயரும் திமோதியோஸ். கல்லில் செதுக்கிய எழுத்து, கல் திண்டு, சிற்பி, எல்லாம் பொருந்துகிறதே! ஆகவே படத்தில் இருப்பவர் கோமகனிடம் இருந்த சிற்பி ழில் த பிளாஷேர் என்றார். இரண்டு வாதத்திலும் கடைசியில் நிற்பவர் ‘ழில்’ என்ற பெயர்க்காரர் என்பது தற்செயல். ஆனால் முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே சாவியால் இரண்டு பூட்டு திறந்தால், சாவியைத்தான் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

அந்தச் சாவியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கிரேக்கத்தில் இந்தப் பெயரை எழுதும்போது முதல் உயிரெழுத்து ‘அயோட்டா’, இரண்டாவது குறில் ‘ஓமிக்ரான்’. கல்லில் இருப்பது அப்படி இல்லை. முதல் இடத்தில் நம் கண்ணுக்கு ஆங்கில ஒய்போலத் தெரியும் ‘உப்சிலான்’, இரண்டாவது இடத்தில் நெடில் ‘ஒமேகா’. ஒரே சொல்லில் இரண்டு பிழை. இடைக்கால லத்தீன் ஏடுகளில் இந்தப் பெயரை ஒய் போட்டு எழுதுவது சகஜம். அதாவது, இதை எழுதியவர் கிரேக்க நூலைப் பார்த்து எழுதவில்லை. லத்தீன் பெயரை எடுத்து எழுத்துக்கு எழுத்து கிரேக்க வடிவத்தில் மாற்றியிருக்கிறார். ஸ்கூலில் ஒரு வாரம் புதுமொழி எழுத்துப் படித்துவிட்டு நோட்டில் சொந்தப் பெயரை அதில் எழுதிப் பார்ப்போமே, அந்த ரகம்.

இன்னொன்று. மறு ஆண்டு, 1433 அக்டோபர் 21இல், வான் ஐக் முடித்த சிவப்புத் தலைப்பாகைக்காரர் படம் அதே கேலரியில் இருக்கிறது. அவருடைய சொந்த முகம் என்று பலரும் நம்பும் படம். அதன் மரச்சட்டத்தின் மேல்பக்கத்தில் ‘என்னால் முடிந்த அளவு’ என்ற அவருடைய பிளெமிஷ் மொழி வாசகத்தைக் கிரேக்க எழுத்துபோலத் தோன்றும்படி எழுதியிருக்கிறார். ஆக, கிரேக்க எழுத்தில் விளையாடுவது ஓவியரின் சொந்த ஆசை. கல்லில் உள்ள கிரேக்கச் சொல்லை வைத்து, படத்தில் இருப்பவர் செவ்வியல் கல்வி பெற்ற பண்டிதர் என்று முடிவு கட்டினால், ஓவியரின் பழக்கத்தை இவர் தலையில் ஏற்றிவிடுகிறோம்.

சுருட்டிய தாள்

நேஷனல் கேலரியின் ஆரம்பகால நெதர்லாந்து ஓவியங்களுக்கு 1998இல் விரிவான பட்டியல் தயாரித்த லோர்ன் கேம்ப்பெல், கிரேக்கச் சொல்லை விட்டுவிட்டுக் கையில் இருந்த தாளைப் பிடித்துக்கொண்டார். எனக்கு இதுதான் சரியான வரிசையாகப் படுகிறது. தாளில் வரிவரியாக எழுத்து தெரிகிறது. சுருக்கெழுத்துக் குறிகள்கூடத் தெரிகின்றன. ஆனால் ஒரு சொல்லையும் படிக்க முடியாது. கல்லின் விரிசலை அவ்வளவு நுணுக்கமாக வரைந்த கை, நினைத்திருந்தால் அந்தத் தாளில் படிக்கும்படி நாலு சொல் எழுதியிருக்க முடியும். எழுதவில்லை. அந்தத் தாள் என்ன வகை என்று பார்ப்பவருக்குப் புரிந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்.

அது சட்ட ஆவணமாக இருக்கலாம், இவர் சட்டம் சார்ந்த வேலையில் இருந்தவராக, ஒருவேளை கோமகனின் சட்ட ஆலோசகர்களில் ஒருவராக இருக்கலாம் என்பது கேம்ப்பெல்லின் கருத்து. இதற்குக் கையொப்ப வரியும் துணைக்கு வருகிறது. வான் ஐக் மற்றப் படங்களில் ‘என்னைச் செய்தார்’, ‘என்னை முடித்தார்’ என்று படமே பேசுவதுபோல எழுதுவார். இங்கே மட்டும் ‘ஆக்டும்’ என்று தொடங்குகிறார். நம் பத்திரங்களில் ‘நாளது தேதியில்’ என்று வருமே, அதுபோல ஐரோப்பிய ஆவண எழுத்தர்கள் தேதிக்கு முன்னால் போடும் வார்த்தை அது. கையில் பத்திரம், கல்லில் பத்திர நடை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1434இல் வான் ஐக் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதி படத்தில், சுவரில் உள்ள கையொப்பத்தைப் பார்த்து ‘இது திருமணச் சாட்சிப் பத்திரம்’ என்று 1934இல் சொன்னவரே பனோஃப்ஸ்கிதான். அங்கே இல்லாத பத்திரத்தைக் கண்டவர், இங்கே கையிலேயே தாளை வைத்துக்கொண்டு நிற்பவரிடம் இசையைக் கேட்டார்.

சட்டக்காரர் என்ற முடிவு மற்ற இரண்டையும்விடப் பலமானது, ஏனென்றால் படத்தில் இரண்டு இடங்களில் அதற்கு ஆதரவு இருக்கிறது. பலவீனம் என்னவென்றால் அது ஒரு தொழிலைச் சொல்கிறதே தவிர ஆளைச் சொல்லவில்லை. பிலிப்பின் ஆட்சியில் சட்டம் படித்தவர்கள் நிறையப் பேர். ‘வழக்கறிஞர்’ என்பது இந்தக் கூட்டத்தில் ‘உயரமானவர்’ என்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

அணிலும் பறவையும்: கண்டுபிடிக்கப்பட்ட ஒருவர்

எல்லாப் பெயரில்லாப் படமும் இப்படியே தொங்குவதில்லை. அதே கேலரியில் ஹான்ஸ் ஹோல்பைன் 1526க்கும் 1528க்கும் இடையில் இங்கிலாந்தில் வரைந்த ஒரு பெண்ணின் படம் இருக்கிறது. வெள்ளை உரோமக் குல்லாய், மடியில் சங்கிலி போட்ட வளர்ப்பு அணில், தோளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டார்லிங், நம் மைனாவின் உறவுக்காரப் பறவை. 1992இல் கேலரி இதை வாங்கியபோதும் அவர் பெயரில்லாத சீமாட்டிதான். 2004இல் டேவிட் கிங் அவரை ஆன் லவல் என்று அடையாளம் காட்டினார்.

எப்படி? லவல் குடும்பத்தின் குலச்சின்னத்தில் அணில் உண்டு. நார்ஃபோக் பகுதியில் அவர்களுக்குச் சொந்தமான ஊர் ஈஸ்ட் ஹார்லிங். அந்த ஊர்த் தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடியில் அந்த அணில் இன்றும் இருக்கிறது. ஊர்ப் பெயரை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்: ஈஸ்ட் ஹார்லிங், ஈஸ்டார்லிங், ஸ்டார்லிங். பறவை வந்து உட்கார்ந்துவிட்டது. அணில் குடும்பத்தைச் சொல்கிறது, பறவை ஊரைச் சொல்கிறது, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரே ஒரு வீடு. அதுவும் படத்துக்கு வெளியே, தேவாலயக் கண்ணாடியில் சாட்சி இருக்கிறது.

வான் ஐக்கின் மனிதருக்கு இல்லாதது இதுதான். திமோதியோஸ் என்ற சொல் ஒரு பக்கம் போகிறது, தாள் இன்னொரு பக்கம் போகிறது, இரண்டும் எங்கேயும் சந்திக்கவில்லை. இசைக்கலைஞர் என்றால் தாள் இடிக்கிறது. சட்டக்காரர் என்றால் திமோதியோஸ் வேலையில்லாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே ஆளில் பொருத்தும் வாதம் வரும்வரை எந்தப் பெயரையும் ஏற்கக் கூடாது என்பது என் கட்சி.

தொலைந்துபோன நாலு கட்டை

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன். நாம் பெயரைத் தேடும் இடமே தப்பாக இருக்கலாம். வான் ஐக் பெயரை எழுதும் இடம் பெரும்பாலும் படம் இல்லை, படத்தைச் சுற்றிய மரச்சட்டம். தன் மனைவி மார்கரெத்தாவை 1439இல் வரைந்தார். அந்தச் சட்டத்தில் இருப்பது: ‘என் கணவர் யோஹான்னஸ் 1439 ஜூன் 17இல் என்னை முடித்தார், எனக்கு வயது 33.’ வியன்னாவில் இருக்கும் 1436ஆம் ஆண்டுப் படத்தில், புரூஜ் நகரத்துப் பொற்கொல்லர் யான் த லேயூ மோதிரத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பிளெமிஷில் லேயூ என்றால் சிங்கம். சட்டத்தில் ‘யான் த’ என்று எழுதிவிட்டு அடுத்து பொன்னிறத்தில் ஒரு குட்டிச் சிங்கத்தை வரைந்துவிட்டார் ஓவியர். 1401இல், புனித உர்சுலா நாளில் பிறந்தவர் என்ற விவரமும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. படத்தை மட்டும் கழற்றி எடுத்துச் சட்டத்தைத் தூக்கிப் போட்டிருந்தால் த லேயூவும் இன்றைக்கு ‘மோதிரம் வைத்திருக்கும் மனிதர்’ ஆகியிருப்பார்.

நம் மனிதரின் பழைய சட்டம் இப்போது இல்லை. இந்தக் கோணத்தில் பார்த்தால் கல்லில் பெயர் இல்லாதது மர்மம் ஆகாது. சட்டத்தில் நேராகப் பெயரும் வயதும், உள்ளே கல்லில் நண்பர்களுக்கு மட்டும் புரியும் ஒரு செல்லப்பெயர் என்று இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் பொருந்தும். திமோதியோஸ் ஒரு பகடிப் பெயராகவோ கூட்டாளிகள் வைத்த பட்டமாகவோ இருந்தால் அதை ஏட்டில் தேடி எந்தப் பனோஃப்ஸ்கியாலும் பிடிக்க முடியாது. பக்கத்து ஊர்க்காரனுக்கே நம் தெருவில் புழங்கும் பட்டப்பெயர் புரிவதில்லை.

‘நினைவு’ என்ற சொல்லையும் உடைந்த கல்லையும் சேர்த்துப் பார்த்து, இவர் இறந்தபிறகு வரைந்த படம் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. தாளைப் பிடித்திருக்கும் கைக்கும் அந்தக் கண்ணுக்கும் ஆள் எதிரில் நின்றிருக்க வேண்டும். தேதியைக் குறித்துக் கையொப்பமிடுவதும் ‘இன்றைக்கு இப்படி இருந்தார்’ என்று சான்று சொல்வதுபோலத்தான் இருக்கிறது. ‘லெயால்’ என்ற சொல்லுக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் என்ற வாசனையும் உண்டு என்பதைச் சேர்த்துக்கொண்டால், ‘நினைவு’ மரண நினைவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது.

பலகையின் பின்பக்கத்தையும் வான் ஐக் சும்மா விடவில்லை. போர்ஃபிரி என்ற செந்நிற எரிமலைக் கல்லைப்போல வண்ணம் பூசியிருக்கிறார். சுவரில் மாட்டி வைக்கும் படத்துக்குப் பின்பக்க அலங்காரம் தேவையில்லை. கையில் எடுத்து, திருப்பி, துணியிலோ பையிலோ வைத்து எடுத்துப் போகும் பொருள் இது. யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. வாங்கிக்கொண்டவருக்கு முகத்தைத் தெரியும், அதனால் கல்லில் பெயர் தேவைப்படவில்லை.

1857இல் கேலரியின் முதல் இயக்குநர் சார்லஸ் ஈஸ்ட்லேக், மியூனிக்கில் இருந்த ஓவியர் கார்ல் ராஸிடமிருந்து இதை 189 பவுண்டு 11 ஷில்லிங்குக்கு வாங்கினார். அன்றைக்கே சட்டத்தோடு போன விவரங்கள் போய்விட்டிருந்தன. பனோஃப்ஸ்கி படித்ததும் வுட் படித்ததும் கேம்ப்பெல் படித்ததும் இந்த ஒரே பலகையின் ஒரே பரப்பைத்தான்.

இனி ஒரு பெயர் கிடைக்குமானால் அது படத்திலிருந்து வராது, தாளிலிருந்து வரும். பர்கண்டி கோமகன்களின் வரவு செலவுக் கணக்குகள் பிரான்சின் லில் நகர ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. வான் ஐக்குக்குச் சம்பளம் போன வரிகளும் அவற்றில்தான் கிடைத்தன. ஒரு உயிலிலோ சொத்துப் பட்டியலிலோ ‘சின்னப் பலகை, பச்சைத் தலைப்பாகை, கல்லில் லெயால் சுவனீர்’ என்று ஒரு குமாஸ்தா அரை வரி எழுதியிருந்தால் போதும். அதுவரை கேலரியின் பெயர்ச்சீட்டில் இருப்பது ‘ஓர் ஆணின் உருவப்படம்’, அடைப்புக்குறிக்குள் ‘லெயால் சுவனீர்’.